கடைசி வரிசையில் ஒரு தவளை குறைவு

கண்ணாடிக் கடையில் மதியம் ஒன்றரை மணி என்பது செத்த நேரம். முதலாளி சாப்பிடப் போயிருப்பார். பார்வை மங்கினவர்களுக்கும் அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தட்டு மட்டும் நன்றாகத் தெரியும், ஆகையால் ஒரு ஆளும் எட்டிப் பார்க்கமாட்டான். பட்டியலக்கா கண் பரிசோதிக்கும் அறைக்குள் போய், வாடிக்கையாளர் உட்காரும் உயர நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். புதன்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள் பட்டியல் போயாக வேண்டும்.

கடையில் அவளுக்கு 'டெஸ்ட் மேடம்' என்று பெயர். பட்டியலக்கா என்பது வெளி உலகம் வைத்தது. வெளி உலகம் என்றால் பூதச்சண்டை என்ற வீடியோ விளையாட்டை ஆடுகிறவர்களின் உலகம். ஆளுக்கு ஆறு பூதங்களைப் பையில் கொண்டு வரவேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, நம் ஆறில் நாலைப் பொறுக்கி, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்கி அடித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஆடுகிறவர்களில் பாதிப்பேருக்கு முன்தலையில் முடி கிடையாது.

ஆறு வருடமாக ஒவ்வொரு புதனும் அவள் ஒரு பட்டியல் போடுகிறாள். மேலே 'அபாயம்': இந்த வாரம் யாரைக் கண்டு நடுங்க வேண்டும், நடுங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும். நடுவில் 'ஒரு கண் வைத்துக்கொள்'. கடைசி வரிசையில் 'உதவாதவை': பையில் இடத்தை அடைக்கும் நாற்பத்தொரு பூதங்களின் பெயர். அந்த நாற்பத்தொன்றையும் அவள் பழைய பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை களத்தில் இறக்கி, இன்னும் உதவாமல்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுவாள். அதை ஒருத்தரும் படிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வருகிற கேள்வியெல்லாம் மேல் மூன்று பெயரைப் பற்றித்தான் வரும்.

சந்தையில் நாலு பேர் மதிக்கிற ஆள் 'வெங்காயம் ஏறப்போகுது' என்று சொன்னால் மறுநாள் ஏறிவிடும். அவர் தீர்க்கதரிசி என்பதால் அல்ல. சொன்னார், எல்லோரும் மூட்டையை உள்ளே தள்ளினார்கள், ஏறிவிட்டது. பட்டியலும் அதே கதைதான். சாம்பல்நரி அபாயம் என்று அவள் எழுதினால், சனிக்கிழமை எல்லார் பையிலும் நரியைத் தடுக்கும் உப்பாமை இருக்கும். நரி செத்தது. அடுத்த வாரம் எங்கு பார்த்தாலும் ஆமை, ஆகவே ஆமைதான் அபாயம். உடனே ஆமையைத் துளைக்கும் வேர்ப்புழுவை எல்லோரும் தூக்கி வருவார்கள். ஆமை ஒழிந்தது. ஆமை இல்லாத ஊரில் மறுபடி நரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே நரியை, ஏதோ இன்றைக்குத்தான் காட்டிலிருந்து வந்ததுபோல, புதுப்புது வார்த்தை போட்டு வரவேற்று வரவேற்று அவளுக்குக் கை சோர்ந்துவிட்டது. செக்கைச் சுற்றுகிற மாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். இவளுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

இதில் இன்னொரு வேதனை. அவள் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆடியவர்களில் ஏழு பேர் கோப்பை தூக்கிவிட்டார்கள். அவள் போட்டிக்குப் போனால், எதிரில் உட்காருகிறவனுக்கு அவள் என்ன யோசிப்பாள் என்பது வார்த்தை வார்த்தையாகத் தெரிந்திருக்கும். அவளே எழுதிக் கொடுத்ததுதானே. வருடக் கடைசித் தேர்வில் முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். பட்டியலக்கா மூன்று முறை ஒன்பதாவது வந்திருக்கிறாள்.

இந்த வருடம் தங்கையின் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "எட்டுக்குள்ள வந்துட்டேன்னா பட்டியலை இழுத்து மூடிடுவேன். வேற எவனாவது நரிக்கு மாலை போடட்டும்."

"வரலைன்னா?" என்று தங்கை கேட்டிருந்தாள்.

"வரலைன்னா என்ன, வழக்கம்போலத்தான்."

அந்தத் தேர்வு வருகிற சனிக்கிழமைதான். இந்தத் தடவை அவள் கையில் ஒரு சரக்கு இருந்தது.

சரக்கின் பெயர் கொட்டாவித் தவளை. கடைசி வரிசையில் ஆறு வருடமாகக் குடியிருக்கும் ஜீவன். அடித்தால் எதிரிக்கு லேசாக அரிக்கும். அடி வாங்கினால் போய்ச் சேரும். செத்துப்போகும்போது ஒரு கொட்டாவி விடும். அது எதற்கு என்று விளையாட்டைச் செய்தவர்களுக்கே மறந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்த புதுப்பிப்பில் எங்கோ ஒரு சின்னத் திருத்தம். அதற்குப் பிறகு, வழக்கமான வாராந்திரச் சோதனையில் தவளையைச் சாகக் கொடுத்தபோது, அந்தக் கொட்டாவி மூன்று சுற்றுக்குக் களத்தில் அப்படியே நின்றதை அவள் பார்த்தாள். நிற்கிறவரை, ஒரு சுற்று அடித்தவன் அடுத்த சுற்று தூங்கியாக வேண்டும். எல்லோருக்கும் அதே சட்டம். அவளிடம் மலையெருமை ஒன்று இருந்தது. அது எப்போதுமே ஒரு சுற்று அடித்தால் ஒரு சுற்று படுத்துவிடும், ஆனால் அடி மற்றவர்களின் அடியைப்போல் இரண்டு மடங்கு. எல்லோரும் ஓடும்போது எருமை சோம்பேறி. எல்லோரும் தூங்கி விழும்போது எருமைதான் ராஜா.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். எதிர்ச்சாரியில் கூரியர் கவுண்டரில் வேலை. இரண்டு கையிலும் டீ.

"இன்னும் அனுப்பலையா?"

"ஒரு பேரு தொண்டையில நிக்குது."

"தவளையா? வழக்கம்போலக் கடைசி வரிசையில தள்ளிவிடு. ஆறு வருஷமா அங்கதான கெடக்கு."

"ஆறு வருஷமா அது நிஜம். இப்போ எழுதினா பொய்."

"அப்ப மேல போடு. நம்பர் ஒன் அபாயம்னு போடு. போட்டுட்டுச் சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து துணி மடிக்கலாம்."

பட்டியலக்கா டீயை ஊதினாள். குடிக்கவில்லை.

"அக்கா, கண்ணாடி வாங்க வர்றவன் ஒவ்வொருத்தன்கிட்டயும் 'உங்க மூஞ்சிக்குன்னே செஞ்ச ஃப்ரேம் சார்'ங்கிற. அது என்ன சத்திய வாக்கா?"

"அது வியாபாரம்."

"இது?"

"இது பட்டியல்."

"நல்லா இருக்கே நியாயம்! சம்பளம் தர்ற எடத்துல பொய், சல்லிக்காசு தராத எடத்துல அரிச்சந்திரன் பொண்ணு."

பட்டியலக்கா எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தாள். மேலே பானை அளவு எழுத்து, கீழே போகப் போக எறும்பு. காலையில் ஒரு லாரி டிரைவர் வந்து உட்கார்ந்து, கடைசி வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார். அவள் பலகையை மாற்றி ஒரு வாரம் ஆகிறது, பாவம், அவர் பழைய வரிசையைச் சொன்னார். கடைசி வரிசையை யார் படிக்கிறார்கள்? மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

உதவாதவை என்ற தலைப்புக்குக் கீழே போனாள். கொட்டாவித் தவளை என்று அடித்தாள். பார்த்தாள். விரல் தானாகவே போய் அழித்தது. மேலேயும் போடவில்லை. நடுவிலும் போடவில்லை.

"பொய்யும் சொல்லல. உண்மையும் சொல்லல. சும்மா இருந்துட்டேன்" என்றாள்.

"அதுக்குப் பேரு பதுக்கல்" என்றாள் தங்கை. "பரவால்ல, அனுப்பு. டீ ஆறுது."

அனுப்பிவிட்டாள். கடைசி வரிசையில் நாற்பது பெயர்.

சனிக்கிழமைப் போட்டி ஒரு பூப்பந்து அரங்கத்தில். வலைகளைக் கழற்றிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். தரையில் ஒயரை ஒட்டிய டேப்பில் ஆளாளுக்கு இடறிக்கொண்டிருந்தார்கள். அறுபத்துநாலு பேர், ஆறு ஆட்டம். ஐந்து ஜெயித்தால் எட்டுக்குள் நிச்சயம். நாலு ஜெயித்தால் கடவுள் விட்ட வழி.

முதல் இரண்டையும் அவள் தவளையை வெளியே எடுக்காமலே ஜெயித்தாள். மூன்றாவதில் ஒரு கல்லூரி மாணவனிடம் தோற்றாள். அவனுடைய தோள்பைக்குள் அவள் பட்டியல் அச்சடித்து ஒட்டியிருந்தது. அவள் ஆமையை இறக்கியதும் அவன் குனிந்து பையைப் பார்த்தான், நிமிர்ந்தான், புழுவை இறக்கினான். முடிந்ததும் "தேங்க்ஸ்க்கா, நீங்க எழுதினது அப்படியே வேலை செய்யுது" என்று கையைக் குலுக்கினான். மனதார நன்றி சொல்லத்தான் செய்தான். அதுதான் இன்னும் வலித்தது.

நாலாவதில் தவளையை இறக்கினாள். எதிரில் ஒரு சிகையலங்காரக்காரர். தவளையைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். "என்னக்கா, பைல இடம் மிச்சமா?" என்று கேட்டுவிட்டு நரியை ஏவி ஒரே அடியில் தவளையைக் கொன்றார். கொட்டாவி பரவியது. அடித்த நரி தூங்கியது. எருமை எழுந்தது. நாலே சுற்றில் அவர் விளையாட்டுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, தன் தலைமுடியைத் தானே கலைத்துக்கொண்டார். ஐந்தாவதிலும் இதே கதை. தோற்ற இருவரும் விஷயத்தை வெளியே சொல்லவில்லை. நரியிடம் தோற்றேன் என்றால் நாலு பேர் தோளைத் தட்டுவார்கள். தவளையிடம் தோற்றேன் என்று யார் வாயைத் திறப்பார்கள்?

நாலு வெற்றி, ஒரு தோல்வி. இன்னும் ஒன்றே ஒன்று. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் தங்கை இரண்டு கைப்பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பட்டியலக்காவுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் கால்வலிதான் வந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும், ஜெயித்து முடிந்தால் போதும்.

ஆறாவது ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். சட்டைப்பையில் மூன்று பேனா. மாத்திரை எண்ணுகிற மாதிரி ஒற்றை விரலால் பொத்தானை அழுத்துகிற ஆள்.

"உங்க பட்டியலை ஒரு வாரம் விடாமப் படிக்கிறவன்மா நான்" என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க" என்றாள் அவள், அலுப்போடு.

ஆறு பூதங்களும் திரையில் வந்தன. அவர் தவளையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

தவளையையும் எருமையையும் முதலில் இறக்கினாள். அவர் ஆமையையும் பனித்துளி வண்டையும் இறக்கினார். வண்டு யார் மேலாவது மருந்துத் துளி தெளித்து உயிரை ஏற்றும், மற்றபடி சாது. முதல் சுற்றில் எருமை ஆமையை முட்டியது. ஆமை திருப்பி எருமையை அடித்தது. தவளையை யாரும் தொடவில்லை. இரண்டாம் சுற்றில் எருமை படுத்துவிட்டது. ஆமை மறுபடி எருமையை அடித்தது. தவளை தன் பங்குக்கு ஆமையை அரித்தது. ஆமை அதைச் சொறிந்துகூடப் பார்க்கவில்லை.

'தவளையை அடிங்களேன்' என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஆறு வருடத்தில் தன் பூதத்தை அடிக்கச் சொல்லி எதிரியைக் கெஞ்சியது இதுதான் முதல் தடவை.

அடிக்கவில்லை. மனிதர் தவளை இருந்த பக்கம் திரும்பவேயில்லை, கடன்கொடுத்தவனைத் தெருவில் பார்த்தவர் மாதிரி.

மூன்றாம் சுற்றில் அவள் வேறு வழி பார்த்தாள். எருமைக்கு ஒரு மிதி உண்டு. மிதித்தால் சுற்றியிருக்கிற எல்லோரும் அடிபடுவார்கள், தன் பக்கத்தில் நிற்பவனும் சேர்த்து. சரி, யாரும் கொல்லாவிட்டால் நாமே கொல்வோம் என்று மிதிக்கவிட்டாள். களம் குலுங்கியது. தவளையின் உயிர்க்கோடு நூலளவுக்கு இறங்கி, அறாமல் தொங்கியது. பரவாயில்லை, தும்மினால் போய்விடும்.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அழுத்தினார். பனித்துளி வண்டு பறந்து வந்தது. அது அவருடைய ஆமையின் மேல் தெளிக்கவில்லை, தன் மேல் தெளித்துக்கொள்ளவில்லை. களத்தைத் தாண்டி வந்து அவளுடைய தவளையின் தலையில் மருந்து தெளித்தது. தவளையின் உயிர்க்கோடு சரசரவென்று ஏறி முழுசாக நின்றது.

பக்கத்தில் நின்ற நடுவர் குனிந்து, "சார், மாத்தி அழுத்திட்டீங்களா?" என்றார்.

"இல்ல தம்பி. மருந்துச் சீட்டுப்படிதான் குடுத்திருக்கேன்."

அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் வீட்டைக் காலி செய்கிற வேலை. எருமை விழுந்தது. அடுத்து வந்த நரி விழுந்தது. அதற்கடுத்துப் புழுவும் விழுந்தது. கடைசியில் களத்தில் அவள் பக்கம் தவளை மட்டும், பூரண ஆரோக்கியத்தோடு, எதிரே நின்ற இரண்டு பேரைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவர் அதைக் கொன்றார். தவளை செத்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. கொட்டாவி மூன்று சுற்றுக்கு நிற்கும். அவள் பக்கம் நிற்கத்தான் ஆள் இல்லை.

கை குலுக்கிய பிறகு இருவரும் எழுந்திருக்கவில்லை.

"யார் சார் சொன்னா?" என்றாள். "அந்த முடிவெட்டுறவரா?"

"யாரும் சொல்லலம்மா. நீங்கதான்."

"நான் எங்க சார் சொன்னேன்? ஒரு வார்த்தை எழுதலையே."

"அதத்தாம்மா சொல்றேன்." அவர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார். "நீங்க மேல எழுதுறத நான் அவ்வளவாப் பாக்கறதில்ல. அது ஊருக்கே தெரியும். எனக்குக் கடைசி வரிசைதான். முப்பது வருஷமா அலமாரியில என்ன இருக்குன்னு பாத்துப் பொழைக்கல, என்ன இல்லைன்னு பாத்துத்தான் பொழைக்கிறேன். வாராவாரம் நாப்பத்தியொண்ணு. இந்த வாரம் நாப்பது. தப்பா எண்ணிட்டோமோன்னு ரெண்டு தடவை எண்ணினேன். டப்பா ஒண்ணு கொறைஞ்சா, ஒண்ணு களவு போயிருக்கணும், இல்ல யாரோ கல்லாவுக்குக் கீழ எடுத்து வெச்சிருக்கணும்."

"விட்டுப்போச்சுன்னு தோணலையா?"

"உங்களுக்கா? ஆறு வருஷத்துல ஒரு எழுத்துப்பிழை பாத்ததில்ல நான். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் கடைய என் மச்சான்கிட்ட விட்டுட்டு, அந்தத் தவளையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். விதவிதமாச் சாகக் குடுத்துப் பாத்தேன். வீட்ல, இந்தாளுக்கு முத்திப்போச்சுன்னு முடிவே பண்ணிட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கிற நேரமா என்று தோன்றியது, ஆனால் ஆறு வருடமாகக் கடைசி வரிசையைத் தானே எழுதித் தானே படித்துக்கொண்டிருப்பதாக நினைத்தவளுக்கு, அதை எண்ணிப் பார்க்கிற ஒரு ஆள் இருந்திருக்கிறார், அந்த ஆளும் இன்றைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

"பொய்யா எழுதியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன்மா" என்றார் அவர், எழுந்துகொண்டே. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். "கண்ண மூடிட்டு முதல் அடியே தவளைக்குத்தான் குடுத்திருப்பேன்."

முடிவுப் பலகை ஏறியது. எட்டாவது இடம் நாலு வெற்றிக்காரர் ஒருவருக்குப் போனது, யாரென்று பார்த்தால் அந்தச் சிகையலங்காரக்காரர். பட்டியலக்கா ஒன்பதாவது.

பேருந்து நிறுத்தத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கை பைகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு வரி அக்கா" என்றாள். "ஒரு வரி பொய். நாப்பதோட நாப்பத்தியொண்ணு. எழுதியிருந்தா இந்நேரம் எட்டுக்குள்ள."

"தெரியும்."

"தவளை தன் வாயால கெடும்பாங்க. ஒலகத்துலயே வாய மூடிக் கெட்ட தவளை நீ ஒருத்திதான்."

"அதுவும் தெரியும். நகந்து உக்காரு, காலை நீட்டணும்."

"இப்ப எழுதச் சொன்னா எழுதுவியா?"

பட்டியலக்கா யோசித்துப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது வரவில்லை. இல்லை என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது.

பேருந்து வருகிற வழியாக இல்லை. அவள் லேப்டாப்பை எடுத்து முழங்காலில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"எட்டுக்குள்ள வரலையே. வழக்கம்போலத்தான்."

அபாயம் என்று தலைப்பு போட்டாள். முதல் பெயர்: கொட்டாவித் தவளை. நரிக்கு எழுதுகிற மாதிரி வர்ணனை எதுவும் போடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள், மருந்துக்கடைக்காரர் வைத்தியம் பார்த்தது உள்பட. செய்ய வேண்டியது: அடிக்காதீர்கள்.

பிறகு சற்று யோசித்தாள். இது வெளியானால் வருகிற வாரம் ஒருத்தனும் தவளையைத் தொடமாட்டான். ஒருத்தனும் தொடாத தவளை சாகாது. சாகாத தவளை எதற்கும் உதவாது. அதற்கடுத்த புதன்கிழமை அது எங்கே கிடக்கும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

இன்னொரு பக்கத்தைத் திறந்து, அந்தப் புதனின் தேதியை இப்போதே போட்டு, உதவாதவை என்று எழுதி, முதல் பெயராகத் தவளையை அடித்து வைத்தாள். ஒரு வேலை குறைந்தது. கையிலெடுத்து ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் அதை அனுப்பப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கும் தெரியும்.

"நாப்பத்தியொண்ணு வருதான்னு எண்ணிக்கோ" என்றாள் தங்கை. "ஆள் பாத்துட்டு இருக்காரு."